எழுபத்து மூணு சதவீதம்

"எழுபத்து மூணு சதவீதமுங்கக்கா," அப்படின்னு லேப்புல ரத்தம் எடுக்கற பொண்ணு சொன்னப்ப ஊசி என் கைக்குள்ளதான் இருந்துச்சு. கையை ஆட்டக் கூடாது, அதனால ஆட்டலை, ஆனா உள்ளுக்குள்ள என்னமோ ஒண்ணு வெடுக்குன்னு எந்திரிச்சு உக்காந்துருச்சு. நான் ஒண்ணும் பெருசாக் கேக்கலை. ரத்தம் போறதைப் பாக்காம இருக்கறதுக்காக, சும்மா பேச்சுக்கு, இங்க எத்தனை வருசமா இருக்கற அம்மிணின்னு கேட்டேன். ரெண்டு வருசமுங்கக்கா, நாளையோட நின்னுக்கறேன், திங்கக்கிழமையிலிருந்து திருப்பூர்ல சித்தப்பாவோட பனியன் கம்பெனியில செக்கிங் வேலைன்னா. அரசு ஆஸ்பத்திரி லேப் வேலைக்கு ஆறு வருசம் கழிச்சு இப்பத்தான் பரீட்சை வெக்கறாங்களாம், ரெண்டு வருசமா அதுக்குத்தான் படிச்சாளாம், விண்ணப்பம் எல்லாம் நிரப்பி வெச்சாச்சாம், இன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள கடைசிப் பொத்தானை அமுக்கணும், அமுக்கப் போறதில்லையாம். ஏன் அம்மிணின்னேன். அதுக்குத்தான் அந்த எழுபத்து மூணு. "மூணே வருசத்துல லேப் டெக்னீசியன் வேலையில எழுபத்து மூணு சதவீதம் இருக்காதுங்கக்கா, ஏ.ஐ. எடுத்துக்கும். முன்கூட்டியேன்னு ஒரு யூடியூப் சேனல் இருக்குதுங்களே, அதுல பிரஜித் அண்ணா சொல்லியிருக்காரு. நீங்க பாக்கறதில்லீங்களா?" பாக்கறதாவது. அந்த வாக்கியத்தை எழுதுனதே நான்தான். பஞ்சை அழுத்திப் புடிச்சுக்கங்க, சாப்பிட்டுப்போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி எடுக்கணும், பதினொரு மணிக்கு வந்துருங்கன்னு சொல்லி, குழாய் மேல என் பேரை எழுதி ஒட்டுனா. சுகந்தாமணி, 44, பெண். அவ கழுத்துல தொங்குன அட்டையில கோகிலவாணின்னு இருந்துச்சு.

எதிர்த்தாப்புல மெஸ்ஸுல நாலு இட்லியை முன்னால வெச்சுட்டு உக்காந்திருக்கேன், மணி ஒம்பது. நாலையும் தின்னுத்தான் ஆகணும், இல்லைன்னா சர்க்கரை டெஸ்ட்டே வீண். மூணு வருசமா அந்தச் சேனலுக்கு ஸ்கிரிப்ட் எழுதறேன். எழுதறது நான், பேசறது பிரஜித், பதினோரு லட்சம் பேருக்குத் தெரிஞ்சது அவன் மூஞ்சி மட்டும். எங்க வேலையில ஒரு பழக்கம் இருக்கு. எழுதிட்டே போறப்ப நடுவுல ஒரு புள்ளிவிவரம் வேணும், அதைத் தேடறதுக்கு நின்னா ஓட்டம் போயிரும், அதனால வாய்க்கு வந்த ஒரு எண்ணைப் போட்டு கம்ப்யூட்டர்ல அது மேல மஞ்சள் கலர் பூசி வெச்சுருவேன். மஞ்சள்னா இன்னும் தேடலை, நெச எண்ணைக் கண்டுபுடிச்சு மாத்தணும்னு அர்த்தம். வாய்நம்பர்னு நாங்க சொல்லிக்குவோம். சொல்ல வாகா இருக்குதான்னு பிரஜித் அதை வெச்சே பேசிப் பாப்பான், நெச எண்ணு அப்புறமா வரும். அந்த லேப் வீடியோவை எழுதுன அன்னிக்குக் காலையில ரேசன் கடையில என் டோக்கன் எழுபத்து மூணு. பருப்பை வாங்கிட்டு வந்து உக்காந்தேன், எழுபத்து மூணுன்னு அடிச்சேன், மஞ்சள் பூசுனேன், சாயங்காலம் மாத்திக்கலாம்னு மாமியாரைக் கூட்டிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். அதுக்குள்ள இன்னொரு சேனல்காரன் இதே விசயத்தைப் போடப் போறான்னு பிரஜித்துக்குக் காதுல விழுந்திருக்கு, மத்தியானமே கேமராவைப் போட்டுட்டான். கேமராவுக்கு முன்னால எழுத்து ஓடற திரை ஒண்ணு இருக்குமில்ல, அதுல எல்லாமே கறுப்புல வெள்ளை. மஞ்சள் தெரியாது. மூணு வருசமா எங்க ரெண்டு பேருக்கும் அது தோணவேயில்லை, என்னத்தைச் சொல்ல. புருவத்தைத் தூக்கி, ஒரு மூச்சு நிறுத்தி, எழுபத்து மூணு சதவீதம்னு சொல்லிட்டான். நல்லாவும் சொன்னான். வீடியோ வந்தப்புறம் நான் பதறி ஃபோன் பண்ணுனா, விடுங்கக்கா, சுமாரா அப்படித்தானே இருக்கும்னான். நானும் விட்டுட்டேன். அதைத்தான் இப்ப இட்லியோட சேத்து முழுங்க முடியலை.

அது கெடக்கட்டும், எனக்கு வேற ஒண்ணு புரியணும். ஏன் எழுபத்து மூணு இப்படி ஒட்டிக்குச்சு? நெசமாவே யோசிச்சுப் பாக்கறேன், கையில சட்னி காய்ஞ்சு போச்சு. எழுபதுன்னு சொல்லியிருந்தா ஆளு குத்துமதிப்பாச் சொல்றான்னு தோணியிருக்கும். எழுபத்தஞ்சுன்னா முக்கால்வாசின்னு சொல்றாப்புல இருக்கும். எழுபத்து மூணுங்கறப்ப, எங்கியோ ஒரு ஆபீஸ்ல கண்ணாடி போட்ட நாலு பேரு ஒக்காந்து, ஒவ்வொரு லேப்பா எண்ணி, எழுபத்து நாலா மூணான்னு சண்டை போட்டு, கடைசியில மூணுன்னு முடிவு பண்ணுன மாதிரி ஒரு களை வந்துருது. நெசத்துல எண்ணுனது எங்க ரேசன் கடைக்காரர்தான். அப்புறம் பிரஜித்தோட குரல். அவன் கெட்டவன் கிடையாது, நான் சத்தியமாச் சொல்லுவேன், மாமியாருக்குக் கண் ஆபரேசன்னப்ப ரெண்டு நாள் எங்கூட வந்து நின்னான். ஆனா தெரியாததைச் சொல்றப்பத்தான் அவன் குரல் இன்னும் கொஞ்சம் எறங்கும், மெதுவாகும், கேக்கறவங்க கிட்ட வருவாங்க. ஒருவேளை நான் எழுதற எழுத்துலயே அது இருக்கோ? இதைச் சொன்னா அங்க நிறுத்துவான், அங்க நிறுத்துனா ஜனம் நம்பும்னு தெரிஞ்சுதான எழுதறேன். பத்து வருசம் விளம்பரத்துக்கு எழுதுனவ நான், சோப்புக்குப் பண்ணுனதை இப்ப பயத்துக்குப் பண்றேன். பயம் சோப்பை விட வேகமாப் போகுது. ஒருத்தர் பயந்தா ஒடனே நாலு பேருக்கு அனுப்பிப் போடறாங்க, தனியாப் பயப்படறதுக்கு யாருக்கும் மனசு வர்றதில்லை போல. கமெண்ட்டும் அப்படித்தான். முதல் பத்துக் கமெண்ட் எந்தப் பக்கம் சாயுதோ அடுத்த ஆயிரமும் அந்தப் பக்கம் சாயும், நான் எத்தனையோ வீடியோவுல பாத்திருக்கேன். அந்தப் பத்துல எதை மேல ஒட்டி வெக்கறது, எதுக்கு ஹார்ட் போடறதுங்கறதும் என் வேலைதான். அன்னிக்கு ஒருத்தர் கேட்டிருந்தாரு, அண்ணா, இந்த எழுபத்து மூணு எங்கிருந்து எடுத்தீங்கன்னு. மரியாதையாத்தான் கேட்டிருந்தாரு. நான் அதை மறைச்சுட்டேன். அழிக்கலை, மறைச்சேன், அவரு கண்ணுக்கு மட்டும் தெரியும், மத்தவங்களுக்குத் தெரியாது. அவரு இன்னும் பதிலுக்குக் காத்திட்டிருப்பாரோ என்னமோ. அதை நெனைச்சா எனக்கு வெக்கமா இருக்கு.

லேப்புக்கே திரும்பி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்தேன், வீட்டுக்குப் போனா படியேறி எறங்கோணும், சர்க்கரை மாறிப்போயிரும். மணி பத்தாகப் போகுது. ஃபோனை எடுத்து அந்த எண்ணைத் தேடிப் பாத்தேன். ஒருவேளை நான் வாய்க்கு வந்ததைச் சொல்லி அது நெசமாவே எங்கியாவது சரியா இருந்துட்டா? அப்படி ஒரு நப்பாசை. இருந்துச்சு, எழுபத்து மூணு எங்க பாத்தாலும் இருந்துச்சு, எனக்கு ஒரு நிமிசம் நெஞ்சே லேசாயிருச்சு. ஒரு மருத்துவச் செய்திப் பக்கம், ஆய்வுகள் சொல்கின்றன அப்படின்னு போட்டிருந்தான். எந்த ஆய்வுன்னு அமுக்குனா ஒரு வேலைவாய்ப்புப் பக்கம். அதை அமுக்குனா ஒரு பெங்களூர்க்காரன் இங்கிலீசுல எழுதுன நீளமான கட்டுரை, நிபுணர்களின் கணிப்புன்னு இருந்துச்சு. அதுல நிபுணர் யாருன்னு தேடிப் போனா கீழ சின்ன எழுத்துல எங்க சேனல். பிரஜித் புருவத்தைத் தூக்கிட்டு நிக்கற படம். நாலு வீடு சுத்தி மறுபடி என் வீட்டு வாசலுக்கே வந்து நின்னேன். சிரிப்பு வந்துச்சு. இன்னொரு தடவை வேற வழியாப் போய்ப் பாத்தேன், வேற ஒருத்தன் எழுபத்து மூணை நாலுல மூணுன்னு ஆக்கியிருந்தான், இன்னொருத்தன் எழுபத்து மூணு கம்மி, நெலவரம் இதைவிட மோசம்னு சண்டைக்கு வந்திருந்தான், அவனுக்கு எதிர்ப்பக்கம் ஒருத்தன் ஒரு வேலையும் போகாது, எல்லாம் பூச்சாண்டின்னு அதே உறுதியோட அடிச்சு விட்டிருந்தான். அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவனுக்கும் என்னை மாதிரி ஒரு அக்கா மஞ்சள் பூசி எழுதித் தர்றாளோ? எத்தனை மஞ்சள் இப்படி வெளிய நடமாடுதோ தெரியலை. இதுல விசேசம் என்னன்னா, நெசமாவே என்ன ஆகும்னு எனக்கு ஆசையா இருக்கு தெரிஞ்சுக்க. லேப்புக்குள்ள பாதி வேலையை ஏற்கனவே மெசின்தான் பண்ணுது, கண்ணாடிக்கு அந்தாண்டை கொர்ருன்னு சத்தம் போட்டுட்டு ஓடிட்டிருக்கு, என் ரத்தமும் அதுக்குள்ளதான் சுத்திட்டிருக்கும். அப்ப மிச்சம் என்ன? எனக்கு நரம்பு கிடைக்காது, போன தடவை வேற லேப்புல மூணு எடத்துல குத்துனாங்க, கை நீலம் பாரிச்சுப் போச்சு. இந்தப் பொண்ணு கண்ணை மூடிட்டு வெரலால தடவி, இங்கதான் இருக்காரு ஒளிஞ்சுட்டுன்னு சொல்லி ஒரே குத்துல எடுத்தா. அதை நாளைக்கு மெசின் பண்ணுமா? பண்ணலாம். பண்ணாமயும் போகலாம். ஒரு வருசமா இந்த ஏ.ஐ.யைப் பத்தி எழுதிட்டிருக்கேன், எனக்கு இது தெரியலைங்கறது இப்பத்தான் தெரியுது.

பத்தேகாலுக்குக் கூட்டம் கொறைஞ்சுது. கோகிலவாணி மேசை மேல தலையைச் சாய்ச்சு ஃபோனைப் பாத்திட்டிருந்தா. எந்திரிச்சுப் போனேன். அம்மிணி, அந்த எழுபத்து மூணு பொய், நான்தான் அந்தச் சேனலுக்கு எழுதறேன், தவறுதலா வெளிய வந்துருச்சு, நீ விண்ணப்பத்தை அனுப்பிருன்னு ஒரே மூச்சுல சொன்னேன். ஒத்திகை பாக்காம பேசுனா நான் அப்படித்தான், எங்கியும் நிறுத்தத் தெரியாது. அவ நிமுந்து பாத்தா. சிரிக்கவும் இல்லை, கோவிச்சுக்கவும் இல்லை. "அக்கா, அண்ணாவைப் பத்தி அப்படிச் சொல்றவங்க நெறைய பேரு இருக்காங்கக்கா, கமெண்ட்டுல தெனமும் வருவாங்க. அவரு புள்ளிவிவரம் இல்லாம பேசவே மாட்டாருங்க." நான் எழுதறேன்னு சொல்றேனே அம்மிணி, எங்கிட்ட ஸ்கிரிப்ட் கூட இருக்குன்னு ஃபோன்ல காட்டுனேன், மஞ்சளோட. அவ பாத்தா, நல்லாத்தான் பாத்தா. "அவரு பேசுனதைப் பாத்து யாரு வேணா அடிச்சு வெக்கலாமுங்கக்கா," அப்படின்னா, மரியாதை கொஞ்சமும் கொறையாம. "அப்பாவும் பாத்தாருங்க. பொழுதோடயே வேற வேலையில போய் ஒக்காந்துக்கோன்னு சொல்லிட்டாரு. பழகறதுக்கு எனக்கும் நாளு வேணுமில்லீங்க." அப்புறம் பக்கத்துல குனிஞ்சு, நான் சங்கடப்படக் கூடாதுன்னு, "நீங்க சாப்பிட்டுப்போட்டு நடக்கலைல்லீங்க? உக்காருங்க"ன்னா. போய் உக்காந்தேன். எழுதுனவ நேர்ல வந்து பொய்யுன்னு சொன்னாலும் எடுபடலை, எனக்கு இதுல கோவம் வரணும், வரலை, இது எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கறதுக்குத்தான் மனசு ஓடுது. அவளுக்கு என்னைத் தெரியாது. அவனைத் தெனமும் சாப்பிடறப்பக் கூட ஃபோன்ல பாக்கறவ போல. அவன் அவ வீட்டு ஆளு. நான் சர்க்கரை பாக்க வந்த பொம்பளை.

பிரஜித்துக்கு ஃபோன் போட்டேன். சொன்னேன், இந்த மாதிரி ஒரு பொண்ணு, பன்னெண்டு மணிக்குள்ள, நீ ஒரு வார்த்தை போடு, தப்பாயிருச்சுன்னு போடுன்னு. "ஒருத்தருக்காகவாங்கக்கா?"ன்னான். ஒருத்தியைத்தான்டா எனக்குத் தெரியும், தெரியாதவங்க எத்தனை பேரோன்னேன். "இதைத் தொட்டா அப்புறம் நான் சொன்ன ஒவ்வொண்ணையும் தோண்டுவாங்கக்கா. முடிச்சுருவாங்க நம்மளை." அவன் குரல்ல பயம் இருந்துச்சு, நெசப் பயம், கேமராவுக்கு முன்னால வர்றது வேற மாதிரி இருக்கும். அடுத்த வீடியோவுல மெதுவா ஒரு வரி சேத்துக்கலாம்னான். அடுத்த வீடியோ புதன்கிழமை. வெச்சுட்டான். மணி பத்து நாப்பத்தேழு. சேனலோட சாவி, பாஸ்வேர்டுதான், எங்கிட்டயும் இருக்கு, பதிவு போடறது நான்தானே. போட்டா அவன் பேருல போகும், அவன் மூஞ்சியோட போகும், பெல்லை அமுக்கி வெச்சிருக்கறவங்க ஃபோன் எல்லாத்துலயும் மணியடிக்கும். அவன் வாயால சொன்னாத்தான் அவ நம்புவா, அவன் வாய் எப்பவுமே என் கையிலதான் இருக்கு. இது சரியா? அவனைக் கேக்காம அவன் பேருல. மூணு வருசமா அவன் வாயில வார்த்தையைப் போட்டது நான்தானே, அப்ப எல்லாம் இப்படிக் கேட்டுக்கலை. வேலை போயிரும், அது நிச்சயம். மூணு வருசம், வீட்டுல இருந்தே பாத்துக்கற வேலை, மாமியாரை விட்டுட்டு வெளிய போக வேண்டாத வேலை. எழுத ஆரம்பிச்சேன். எழுபத்து மூணு தப்பு, சரியான அளவுன்னு போட்டு நின்னேன். கை பழக்கத்துல முப்பத்தொண்ணுன்னு அடிச்சிருக்கேன். கெரகம். அழிச்சேன். சிறிய அளவேன்னு போட்டேன், அதுவும் எனக்குத் தெரியாது, அழிச்சேன். தெரியாததை ஒவ்வொண்ணா அழிச்சுட்டே வந்தா கடைசியில மிஞ்சுனது கொஞ்சந்தான். லேப் டெக்னீசியன் வேலை பத்தி நான் சொன்ன 73 எங்கிருந்தும் எடுத்தது இல்லை, ஸ்கிரிப்ட்டுல தற்காலிகமாப் போட்ட எண், தவறுதலா வெளிய வந்துருச்சு, மூணு வருசத்துல என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது, இதை நம்பி யாரும் படிப்பையோ பரீட்சையையோ விட்டுராதீங்க. பிரஜித். அமுக்கிட்டேன்.

ஒடனே கமெண்ட் கொட்டுச்சு. அண்ணா மாஸ். இந்த நேர்மைதான் அண்ணா கெத்து. ஒருத்தன், அப்ப உண்மையில எண்பதா அண்ணா. இன்னொருத்தன், கணக்கை ஹேக் பண்ணிட்டாங்க, அண்ணா தெரியாதுன்னு சொல்ற ஆளே கிடையாது. அதுக்கு மட்டும் எரநூறு லைக். எனக்கு அதைப் பாத்து வேடிக்கையா இருந்துச்சு, தெரியாதுங்கற ஒரு வார்த்தைதான் யாரோ திருடன் எழுதுனதுன்னு அவங்களுக்குத் தோணுது. பிரஜித் கூப்பிட்டான், எடுக்கலை. மறுபடி, மறுபடி, அஞ்சு தடவை. அப்புறம் நின்னு போச்சு. நிமுந்து பாத்தா கோகிலவாணி ஃபோனை முகத்துக்குக் கிட்டப் புடிச்சிருக்கா, உதடு அசையுது, ரெண்டாவது தடவை படிக்கறா. சுகந்தாமணி வாங்கன்னு கூப்பிட்டா, மணி பதினொண்ணு அஞ்சு. நாற்காலியில உக்காந்து கையை நீட்டுனேன். கண்ணை மூடித் தடவுனா, ஒரே குத்து. "அண்ணா போட்டிருக்காருங்கக்கா," அப்படின்னா குழாயைப் பாத்துட்டே. "தெரியாதுன்னு போட்டிருக்காரு." அப்படியான்னேன். "அவருக்கே தெரியலைன்னா எங்கப்பாவுக்கு எப்படிங்க தெரியும்?" பஞ்சை வெச்சா, என் வெரலை எடுத்து அது மேல வெச்சா, மேசைக்கு அந்தாண்டை போய்க் கையுறையைக் கழட்டிப் போட்டுட்டு ஃபோனை எடுத்தா. நான் பாத்திட்டே இருந்தேன். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், கட்டம் கட்டமா, ஒரு எடத்துல நின்னு சுண்டுவெரல் நகத்தைக் கடிச்சா. அப்புறம் கடைசிப் பொத்தானை அமுக்குனா. பதினொண்ணு பதினேழு. என் ஃபோன்ல சேனலைத் தொறந்து பாத்தேன், அந்தப் பதிவு இல்லை, எடுத்துட்டான், என் சாவியும் வேலை செய்யலை. அவ அமுக்கிட்டா, அது போதும்னு இருந்துச்சு. அழுகை வரும்போல இருந்துச்சு, சந்தோசமான்னு கேட்டா ஆமாம்னுதான் சொல்லுவேன்.

"அக்கா," அப்படின்னா. ஃபோனைக் கவுத்து வெச்சுட்டு என் மூஞ்சியைப் பாக்கறா, இப்பத்தான் முதல் தடவையாப் பாக்கற மாதிரி. "அண்ணா போட்டதுல, தவறுதலா வெளிய வந்துருச்சுன்னு இருந்துச்சுங்க. நீங்களும் அதேதான சொன்னீங்க. நீங்க நெசமாவே அங்கதானுங்களா எழுதறீங்க?" எழுதிட்டிருந்தேன்னேன். அவ கண்ணு விரிஞ்சுது. மேசையைச் சுத்தி எங்கிட்ட வந்தா. யாரும் இல்லாட்டியும் குரலைத் தாழ்த்தி, "அப்ப உங்களுக்குத் தெரியுமில்லீங்கக்கா. நீங்களே சொல்லுங்க. எனக்கு இந்த வேலை கிடைக்கறதுக்கு எத்தனை சதவீதமுங்க இருக்கும்?"ன்னா. எண்பத்தாறு. எங்கிருந்து வந்துச்சோ, நாக்கு நுனியில வந்து நின்னுது, சொல்ல வாகா இருக்கு, எங்க நிறுத்தணும்னு கூடத் தெரியும். சொன்னா இன்னைக்கு வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட நிமுந்து நின்னு பேசுவா, பரீட்சை வரைக்கும் நிம்மதியாப் படிப்பா, யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. அவ மூஞ்சியில அதைக் கேட்டுக்கறதுக்கு அத்தனை ஆசை. "தெரியலை அம்மிணி"ன்னேன். அவ அங்கியே நின்னு என்னைப் பாத்திட்டிருந்தா, நான் ஒரு மூச்சு நிறுத்தியிருக்கேன், மிச்சம் இனிமேத்தான் வரும்னு நெனைச்சிருப்பா போல. எங்கிட்ட அதுக்கு மேல ஒண்ணும் இல்லை.